டெய்சிக்கு ஒட்டாத இலை

இந்த ஊரில் டெய்சிப் பூவைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை. டெய்சிச் செடியைப் பார்த்தவரும் ஒருவரும் இல்லை.

பிறந்த குழந்தையைச் சுற்றிக் கையில் கொடுக்கும் துணியில் டெய்சி. பேருந்து ஓட்டுநர் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் தலையணையில் டெய்சி. பல் மருத்துவரின் அறையில் தொங்கும் திரையிலும் அதுதான். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லாததால், ஒரு பூவுக்கு எட்டு இதழ் என்பது பல்வலி கண்ட எல்லோருக்கும் மனப்பாடம். நீலத் தரை, வெள்ளை இதழ், மஞ்சள் நடு, காம்பின் பாதியில் ஒரே ஒரு கரும்பச்சை இலை. துணி ஆலையின் பட்டியலில் இதற்குப் பெயர் 'டெய்சி 14'.

இதை வரைந்தவரை நேரில் பார்த்தால் நம்புவது கஷ்டம். ஆறடி ஆள். மீசை தனியாக ஒரு நாற்காலி கேட்கும். மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசினால் அடுத்த அறையில் இருப்பவர் பதில் சொல்வார். ஆலையில் அவரை எல்லோரும் 'டெய்சி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த காவலாளி ஒருநாள் அவரிடமே வந்து, "சார், டெய்சி மேடத்தைப் பார்க்க ஆள் வந்திருக்கு, எங்க இருக்காங்க?" என்று கேட்டார். "மேடம் வர்றாங்கன்னு சொல்லு" என்று மீசையை நீவிக்கொண்டே எழுந்து போனாராம்.

முப்பத்து மூன்று வருடமாக ஆலையின் டிசைன் அறையில் இருக்கிறார். நூற்றுக்கணக்கில் வரைந்திருக்கிறார். கொடி, கோலி, குடை, மீன், முக்கோணம். எல்லாம் இரண்டு வருடம் ஓடி நின்றுபோகும். டெய்சி 14 மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஊரே அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஆனாலும் மனிதருக்குத் திருப்தி இல்லை. காரணம், அவருடைய அக்கா.

அக்கா மூன்று வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்து, போன வருடம்தான் விருப்ப ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்குப் பொருத்தமான செடி எதுவும் அமையல" என்பார். செடியின் பெயரைத் தப்பாகச் சொல்பவரை, பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். வீட்டுக்கு வந்தவர் பேச்சுவாக்கில் "ரோஜாவுல முள்ளு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால் போச்சு. அது முள்ளே இல்லை, தண்டுத் தோலின் புடைப்பு என்று விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

ஊரில் டெய்சி 14 நுழையாத ஒரே வீடு அக்கா வீடு.

தம்பி முயற்சி செய்யாமல் இல்லை. அந்த டிசைன் முதன்முதலாக அச்சாகி வந்த அன்றே ஐந்து மீட்டரை வெட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அக்கா வேலை கிடைத்துத் தனி வீடு பார்த்துப் போயிருந்த சமயம்.

"இது என்னடா?"

"டெய்சி, அக்கா. நான் வரைஞ்சது. ஜன்னலுக்குத் திரை தைச்சுக்கோ."

அக்கா துணியை வெளிச்சத்தில் விரித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

"பூ போகட்டும். எட்டே எட்டு இதழ் போட்டிருக்க, அதைக்கூட மன்னிச்சுடறேன். இந்த இலை யாரோடது?"

"டெய்சியோடதுதான்."

"டெய்சின்னு பேர் வச்சுக்கிட்டு நூறு செடி இருக்கு. ஒண்ணுக்குக்கூட இப்படி இலை கிடையாது. இங்க பாரு. இடது பாதியில நரம்பெல்லாம் நேரா ஓரம் வரைக்கும் போகுது. வலது பாதியில போற வழியிலேயே வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்குது. ஒரே இலைக்குள்ள ரெண்டு செடி! எங்கேர்ந்துடா புடிச்ச?"

"ஞாபகம் இல்ல."

"ஞாபகம் வரட்டும். எந்தச் செடின்னு சொல்லு, அன்னிக்கே மாட்டிக்கறேன். அதுவரைக்கும் உலகத்துல இல்லாத செடி என் ஜன்னல்ல தொங்காது."

சொல்லிவிட்டு, அந்தத் துணியிலிருந்து ஒரே ஒரு இலையை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெட்டிய இலையை ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். அடுத்த பக்கத்திலிருந்து ஆராய்ச்சி. பார்க்கிற ஒவ்வொரு செடியின் இலையையும் அதனோடு ஒப்பிட்டுப் பெயரை எழுதி, எதிரே 'இல்லை' என்று போட்டார். சுற்றுலா போன இடமெல்லாம் அந்த நோட்டும் கூடப் போனது. மற்றவர்கள் மலையுச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் புதருக்குள் குனிந்து நிற்பார். முப்பது வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு செடிகள். நானூற்றுப் பன்னிரண்டு 'இல்லை'.

இப்போது அக்காவின் இன்னொரு விரோதியையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒரு பழைய பேப்பர்காரர்.

அக்கா கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது நடந்தது. செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டைக் கொண்டுபோய் வைத்தால், நடுவில் ஒரு பக்கத்தைக் காணோம். பேராசிரியர் திருத்தி மதிப்பெண் போட்டுக் கொடுத்த பக்கம். பக்கம் இல்லாவிட்டால் மதிப்பெண்ணும் இல்லை. மூன்று மதிப்பெண்ணில் முதலிடம் போய்விட்டது. பதக்கம் இரட்டைச் சடை போட்ட இன்னொருத்திக்குப் போனது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாரோ, இரட்டைச் சடை இருக்கிறதோ இல்லையோ, அக்கா வாயில் அவர் இன்றைக்கும் 'ரெட்டைச் சடைக்காரி'தான்.

அந்த வாரம் வீட்டுக்குப் பழைய பேப்பர்காரர் வந்து போயிருந்தார். மூலையில் கிடந்த காகிதங்களை அள்ளிப்போனவர் அவர். ஆகவே பக்கத்தைக் கொண்டுபோனவரும் அவர். அக்காவின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அன்றிலிருந்து அவர் ஒரு துண்டுக் காகிதத்தையும் எந்தப் பேப்பர்காரருக்கும் போட்டதில்லை. 'பேப்பர்' என்ற குரல் தெருமுனையில் கேட்டாலே கதவைச் சாத்திவிடுவார். விளைவு, முப்பத்து மூன்று வருடச் செய்தித்தாள்கள். அடுக்கி, கயிறு கட்டி, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு மேல், குளியலறைக்குப் போகிற வழியில். அவர் வீட்டில் தரையைப் பார்த்தவர்கள் குறைவு.

ஓய்வு பெற்றதும் அக்கா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தார். லிஃப்ட் கிடையாது. சாமான் ஏற்ற வந்தவர்கள் பேப்பர் கட்டுகளைப் பார்த்துவிட்டு, "அம்மா, வீடு மாத்தறீங்களா, நூலகம் மாத்தறீங்களா?" என்று கேட்டார்கள்.

புது வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, முன்னறை ஜன்னலைத் தவிர. எதிர்க் கட்டடத்து ஜன்னல் கைக்கெட்டும் தூரம். அதில் ஒருவர் தினமும் காலை ஏழு மணிக்கு மேல்சட்டை இல்லாமல் நின்று இரும்புக் குண்டுகளைத் தூக்குவார். தூக்கும்போது ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார். பார்வை நேராக அக்காவின் காபி டம்ளர்மேல். மரியாதை தெரிந்த மனிதர். பத்து முடிந்ததும் "வணக்கம்மா" என்பார்.

திரை வேண்டும். உடனே வேண்டும். அக்கா என்ன செய்தார்? கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுப் பேப்பரை இழுத்து, கஞ்சிப் பசை காய்ச்சி, கண்ணாடி முழுக்க ஒட்டிவிட்டார்.

தம்பி வந்து பார்த்தார். முன்னறையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஊர்ல இருக்கிற ஜன்னலுக்கெல்லாம் துணி வரைஞ்சு கொடுக்கறேன். என் கூடப் பொறந்தவ ஜன்னல்ல பழைய பேப்பர். பார்க்கறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உன் இலையைப் பத்தி என்ன நினைக்கறாங்களோ அதையேதான். செடி பேர் சொன்னியா நீ?"

"மறந்துபோச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நானும் எத்தனை தடவை கேட்கறது? பேர் வந்தா திரை வரும். இல்லேன்னா இருபது வருஷத்துக்கு முந்தின செய்தி என் ஜன்னல்ல இருந்துட்டுப் போகுது. படிக்க நல்லாத்தான் இருக்கு."

பொதுவாக இந்த இடத்தில் தம்பி கோபித்துக்கொண்டு படியிறங்குவது வழக்கம். இந்தத் தடவை பாதிப் படியில் நின்றார். ஒரு யோசனை வந்திருந்தது. இலையின் பெயரைத்தானே சொல்ல முடியவில்லை? அந்த இலையே இல்லாத ஒரு டெய்சியை, உள்ளபடி இருக்கிற டெய்சியை வரைந்துவிட்டால்? அக்கா என்ன சொல்ல முடியும்?

அப்போதுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. ஐம்பத்திரண்டு வயதில், டெய்சி என்ற பெயரோடு உலாவுகிற அவர், ஒரு டெய்சியைக்கூட நேரில் கண்டதில்லை.

நாற்றுப் பண்ணைக்குப் போனார். பண்ணைக்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் உள்ளே தூசி.

"என்னங்க, காலியா இருக்கு?"

"மூச்சை அடக்கிக்கிட்டுப் பேசுங்க சார். அதான் விதை. பாதி உங்க மீசையில இருக்கு."

மிச்சப் பாதியை வீட்டு பால்கனியில் ஒரு தட்டையான தொட்டியில் தூவினார். ஆலைக்குக் கிளம்புமுன் ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. அவர் மனைவி, அதே ஆலையில் மடிப்பு மேசையில் வேலை செய்பவர், துணி உலர்த்த வந்து நிற்பார்.

"ஏங்க, நம்ம பிள்ளைங்க சின்னதா இருக்கறப்ப இப்படிக் குனிஞ்சு பார்த்திருக்கீங்களா?"

"அதுங்க இலை விடலையே."

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் மொட்டு விரிந்தது. அவர் எதிர்பார்த்ததைவிட மிகச் சின்னது. சட்டைப் பொத்தான் அளவு. இலைகள் எல்லாம் தரையோடு தரையாகச் சப்பிக் கிடந்தன, யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல். நடுவிலிருந்து மொட்டையாக ஒரு காம்பு, உச்சியில் ஒரு பூ. காம்பின் பாதியில் எதுவும் இல்லை. இதழ்களை எண்ணப் பார்த்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார்.

தொலைபேசியில் சொன்ன இருபதாவது நிமிடம் அக்கா வந்து நின்றார், பையில் கைலென்ஸோடு. தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிமுன் உட்கார்ந்தார்.

"டேய், இங்க வா. இந்த மஞ்சளைப் பாரு."

லென்ஸ் வழியாகப் பார்த்தார். மஞ்சள் நடு என்று அவர் ஒரே வட்டமாக வரைந்துகொண்டிருந்தது வட்டமே இல்லை. நுணுக்கி நுணுக்கி வைத்த குட்டிக் குட்டிக் குழல்கள்.

"ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூ. நூத்துக்கும் மேல இருக்கும். நீ இதழ்னு சொல்றியே வெள்ளை, அதுவும் ஒவ்வொண்ணும் ஒரு பூதான். எல்லாம் சேர்ந்து நின்னுக்கிட்டு ஒரே பூ மாதிரி நம்மளை ஏமாத்துது."

"அப்ப நான் இத்தனை வருஷமா பூ வரையல. கூட்டம் வரைஞ்சிருக்கேன்."

"நீ கூட்டத்தையும் வரையல. எட்டு இதழ் போட்டு எதையோ வரைஞ்ச."

சாயங்காலம் வரை அக்கா கிளம்பவில்லை. வெயில் சாய்ந்ததும் வெள்ளை இதழ்கள் மெல்ல மேலெழுந்து மஞ்சளை மூடிக்கொண்டன. இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். "அந்தப் பேரோட அர்த்தமே பகலின் கண்" என்றார் அக்கா. "பொழுது சாய்ஞ்சா மூடிக்கும்." மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பத்து நாளில் புது டிசைன் தயார். தரையோடு படிந்த இலை, மொட்டைக் காம்பு, நாற்பத்தேழு இதழ், மஞ்சளில் புள்ளி புள்ளியாகக் கூட்டம். அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு காம்பின் மயிரைக்கூட விடாமல் சரிபார்த்து, "இது செடி" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாக வரலாறு இல்லை. தம்பி கெஞ்சியதில் ஆலையில் இருபது மீட்டர் மாதிரி அச்சடித்தார்கள்.

அச்சு மாஸ்டர் துணியைக் கம்பியில் தொங்கவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றார்.

"டெய்சி, இங்க வந்து நில்லு. என்ன தெரியுது?"

"பூ."

"பூவை விடு. பூவுக்கு நடுவுல?"

துணி அச்சில் ஒரே சதுரம்தான் திரும்பத் திரும்ப விழுகிறது. பக்கத்தில் பார்த்தால் பூ. தள்ளி நின்றால் பூக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கோடு விழுகிறது என்பார்கள். மொட்டைக் காம்புகள் எல்லாம் நட்டுக்குத்தலாக நின்றதில், மேலிருந்து கீழாக வெற்றுக் கோடுகள் கம்பிக் கதவுபோல் நின்றன. பழைய டெய்சியில் அந்தக் கோடு விழாததற்கு ஒரே காரணம், காம்பின் பாதியில் குறுக்கே கையை நீட்டி வழிமறித்த அந்த ஒற்றை இலை.

மாஸ்டர் துணியை இறக்கினார். "நிஜமான பூதான், ஒத்துக்கறேன். ஆனா இதைப் போட்டுப் படுத்தா ஜெயில்ல படுத்த மாதிரி இருக்கும்."

இருந்தாலும் அக்கா மாட்டிக்கொண்டார். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. பேப்பர் ஒட்டிய கண்ணாடிக்கு முன்னால் உண்மையான டெய்சி தொங்கியது. முதல் நாள் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். இரண்டாம் நாள் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து காபி குடித்தார். மூன்றாம் நாள் தம்பிக்குத் தொலைபேசி.

"இதை எடுத்துட்டுப் போயிடு. கண்ணை மூடினாலும் கம்பி தெரியுது."

"உண்மையான செடி, அக்கா."

"செடி உண்மைதான். தலைவலியும் உண்மைதான். நடுவுல எதையாவது போட்டு அடைச்சிருக்கலாமே நீ?"

"எதைப் போட?"

"ஒரு இலை கிலை" என்றது அக்காவின் குரல், அவருக்கே கேட்காத மாதிரி. உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆனா பேர் தெரிஞ்ச இலையா இருக்கணும்!"

அன்றைக்குத் தம்பி துணியும் கையுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது மனைவி எதிரே வந்து உட்கார்ந்தார். "சொல்லிடுங்களேன்" என்றார். "கல்யாணமான வருஷத்துலேர்ந்து நானும் சொல்றேன். அண்ணி என்ன, கடிச்சா தின்னுடப் போறாங்க?"

"தின்னுடுவா."

ஏனென்றால் அவருக்கு எதுவும் மறக்கவில்லை. முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், ஆலையில் வேலை கேட்டுப் போனார். டிசைன் அறையின் மூத்தவர், "நாளைக்குக் காலையில ஒரு பூவும் ஒரு இலையும் வரைஞ்சு எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார். பூ சுலபமாகக் கிடைத்தது. அம்மா தையல் வகுப்பில் கற்றுக்கொண்டு தலையணை உறையில் நூலைச் சுழித்துப் போட்டிருந்த பூ. எட்டு சுழி, எட்டு இதழ். அந்தத் தையலின் பெயரில் டெய்சி இருந்ததால் பூவுக்கும் அதே பெயர். இலைக்கு எங்கே போவது? அக்காவின் ரெக்கார்டு நோட்டில் பக்கம் நிறைய ஓர் இலை இருந்தது. வீட்டில் அக்கா கையைப்போல் கோடு யாருக்கும் வராது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கே வரைகிற ஆசை வந்தது. பென்சிலால் அந்தக் கோடுகளின்மேல் அழுத்தி ஓட்டி, புதுத் தாளின்மேல் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் அச்சு இறங்கிவிடும். ஆனால் நோட்டைக் கவிழ்க்க முடியாது. பக்கத்தைக் கிழித்தார். வேலை முடிந்ததும் திருப்பி ஒட்டிவிடலாம் என்றுதான். முடிந்தபோது பக்கம் முழுக்கக் கரி. ஒளித்துவைத்தார். மறுநாள் வேலை கிடைத்தது. மறுவாரம் அக்காவின் பதக்கம் கைநழுவியது. பேப்பர்காரரின் பெயரும் கெட்டது.

கவிழ்த்து எடுத்ததால் இலையின் இடம் வலமாகிவிட்டது. அக்காவுக்கு அடையாளம் தெரியாமல் போனது அதனால்தான். அக்கா நானூற்றுப் பன்னிரண்டு செடியில் தேடியது தன் கையாலேயே வரைந்த இலையை.

மறுநாள் விடியற்காலையிலேயே தம்பி ஆலைக்குப் போய், மேசை இழுப்பறையில் டெய்சி 14 கோப்புக்குள் இருந்த அந்தப் பக்கத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு பழைய டெய்சித் திரையையும் பையில் போட்டுக்கொண்டார். சொல்லிவிடுவது என்று முடிவு. மூன்று மாடி ஏறுவதற்குள் முடிவு மூன்று தடவை மாறியது.

கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா ஸ்டூல்மேல் நின்றுகொண்டு ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பெய்த மழை ஜன்னல் சந்து வழியே இறங்கி, பேப்பரெல்லாம் ஊறி, பட்டை பட்டையாக உரிந்து தரையில் கிடந்தது. எதிர் ஜன்னலில், "ஏழு... எட்டு..."

"வந்துட்டியா? சீக்கிரம் ஏதாவது துணி கொடுடா! அந்த ஆள் பத்துக்கு வந்துட்டா வணக்கம் சொல்லுவாரு, நான் இன்னும் தலைகூட வாரல!"

"என்கிட்ட இதுதான் இருக்கு."

"எதுவோ ஒண்ணு! தற்காலிகமா!"

"ஒன்பது..."

தம்பி திரையைக் கம்பியில் கோத்து இழுத்தார். "பத்து. வணக்கம்மா" என்றது டெய்சிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

முப்பது வருடமாக நடக்காதது அரை நிமிடத்தில் நடந்துவிட்டது. அக்கா வீட்டு ஜன்னலில் டெய்சி 14. யாரும் எதையும் சொல்லவேண்டி வரவில்லை. தம்பி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பேசாமல் இருந்துவிட்டால் தற்காலிகம் மெல்ல நிரந்தரமாகிவிடும். உலகத்தில் நிரந்தரமான பல விஷயங்கள் அப்படி வந்தவைதான்.

அக்கா காபி எடுத்துவந்து உட்கார்ந்தார். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் தம்பி துணியைத் திருப்பி மாட்டியிருந்தார். அச்சுப் பக்கம் தெருவைப் பார்க்க, மறுபக்கம் உள்ளே. மெல்லிய துணியில் வெயில் புகுந்து, நூற்றுக்கணக்கான இலைகளையும் இடம் வலமாக அறைக்குள் காட்டியது.

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"டேய். இந்த இலையை எனக்குத் தெரியும்."

"தெரியாம எப்படி இருக்கும்? ஊரெல்லாம் தொங்குது."

"அது இல்ல. இப்படித் திருப்பிப் பார்க்கறப்ப..." எழுந்து கிட்டே போனார். விரலால் ஒரு நரம்பைத் தொட்டார். "இது நான் வரைஞ்சது. வலது பாதியை ராத்திரி வரைஞ்சேன், இடது பாதியைக் காலையில எழுந்து வரைஞ்சேன். ரெண்டும் ஒட்டலன்னு வாத்தியார் சிவப்பு மையில சுழிச்சாரு. என் ரெக்கார்டு! காணாமப்போன பக்கம்!" சட்டென்று திரும்பினார். கண் பளபளத்தது. "புரிஞ்சுபோச்சு. அந்தப் பேப்பர்காரன் கொண்டுபோய் உங்க ஆலையில போட்டிருக்கான். உனக்கு அங்க கிடைச்சிருக்கு. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? அவன்தான்னு சொன்னேனா இல்லையா?"

இதைவிட வசதியான ஒரு கதை மனிதனுக்குக் கிடைக்காது. 'ஆமா' என்று ஒரு வார்த்தை போதும். திரை நிற்கும். இலைக்கும் முகவரி கிடைத்தாயிற்று. பேப்பர்காரர் முப்பத்து மூன்று வருடம் சுமந்ததை இன்னும் கொஞ்சம் சுமப்பார். அவ்வளவுதானே? தம்பி வாயைத் திறந்தார். மூடினார். பொழுது சாய்ந்த டெய்சிபோல். பிறகு பையிலிருந்து பக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவர் எடுக்கல, அக்கா. நான்தான் கிழிச்சேன்."

மெதுவாகத்தான் சொன்னார். எதிர் ஜன்னலில் இரண்டாம் சுற்று எண்ணிக்கை நின்றுவிட்டது.

அக்கா பக்கத்தை விரித்தார். கரிபிடித்த இலை. ஓரத்தில் சிவப்பு மையில், 'இரண்டு செடியா?' என்று பேராசிரியரின் கையெழுத்து. மேலே அக்காவின் கொழுக்கு மொழுக்கு எழுத்தில் தலைப்பு: 'ஒரு மாதிரி இலை, பாகங்களுடன்.' எந்தச் செடியின் இலையும் இல்லை. இலை என்றால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகப் போடுகிற இலை.

"ரெட்டைச் சடைக்காரி" என்றார் அக்கா, சம்பந்தமில்லாமல்.

"தெரியும்."

"மூணு மார்க்."

"தெரியும், அக்கா."

"நானூத்திப் பன்னிரண்டு செடிடா! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு!" கத்தியபடியே நோட்டை எடுத்துவந்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார், அடி விழும் என்று. அக்கா நோட்டைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே நானூற்றுப் பதிமூன்று என்று எண் போட்டார். பெயருக்கான இடத்தில் தன் பெயரை எழுதினார். எதிரே வழக்கமான 'இல்லை' எழுதப்போன கை நின்று, 'ஆம்' என்று போட்டது. பிறகு நிமிர்ந்தார்.

"அந்தப் பேப்பர்காரர் இப்ப எங்க இருக்காரு?"

முப்பத்து மூன்று வருடத்தில் முதல்தடவையாக 'ர்' விகுதி.

"இருக்காரு. அவர் பொண்ணு இப்ப வண்டி ஓட்டுது. அவரும் கூட முன்னால உட்கார்ந்து வருவாரு."

"கூப்பிடு. கட்டு எல்லாத்தையும் கீழ இறக்கு. நீ மட்டும். வேற யாரும் கை வைக்கக்கூடாது."

மூன்று மாடி. லிஃப்ட் இல்லை. தம்பி கணக்கில்லாத தடவை ஏறி இறங்கினார். மீசை நனைந்து தொங்கியது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் சாய்ந்து நின்று, "முட்டியை மடக்கித் தூக்குங்க சார், முதுகு போயிடும்" என்று யோசனை சொன்னார். தெருவில் நின்ற வண்டி நிறைந்துகொண்டே வந்தது. பேப்பர்காரரின் மகள், "அப்பா, இன்னொரு வண்டி வேணும்பா" என்றார்.

கடைசிக் கட்டோடு அக்காவும் இறங்கி வந்தார். வண்டியின் முன்னிருக்கையில் வெள்ளைத் தலையோடு உட்கார்ந்திருந்தவர்முன் போய் நின்றார். வகுப்பறையில் ஆயிரம் பேரை அடக்கியவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"நான் உங்களைத் தப்பா... ரொம்ப வருஷமா உங்களுக்குப் பேப்பரே போடல. அது வந்து..."

பெரியவர் பரபரப்பாகக் கையை ஆட்டினார்.

"அதனால என்னம்மா? உங்க வீட்ல படிக்கறவங்க ஜாஸ்தி. எல்லாத்தையும் நிதானமா படிச்சு முடிச்சுட்டுப் போடுவீங்கன்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி வண்டியின் கயிற்றை இறுக்குவதில் மும்முரமாக இருந்தார். மாடி ஜன்னலில் காற்றுக்குத் திரை ஒருமுறை உப்பி அடங்கியது.

"அழகா இருக்கும்மா" என்றார் பெரியவர், அண்ணாந்து பார்த்து. "எங்க வீட்லயும் அதே திரைதான். அந்த இலை என்ன இலைம்மா?"

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும்போல் இருந்தது.